மரை போன இடம்

இடப்பக்க ஷாக் அப்சார்பரின் மேல் நட்டை ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் அது சுற்றிக்கொண்டே இருந்தது. இறுகவும் இல்லை, கழலவும் இல்லை. பின்னால் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து நெம்பிக்கொண்டே திருப்பிய பிறகு ஒருவழியாக வெளியே வந்தது. நட்டுக்குள் மெல்லிய இரும்புச் சுருள் ஒன்று, பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங் போல, ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் ஸ்டட்டின் மரை. சேசிஸிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஸ்டட்டின் நுனி மொழுமொழுவென்று நின்றது. கோவையில் ஒரு தெருமுனைப் பட்டறை. பதினோரு வருடம் ஓடிய 100 சிசி வண்டி. மெக்கானிக் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நட்டோட சேர்த்து வெல்டு வெச்சுக்கலாங்க. அப்புறம் கழலவே கழலாது" என்றார்.

அந்த யோசனையின் குறையே அதுதான். ஷாக் அப்சார்பர் தேய்கிற பொருள், ரப்பர் புஷ் நசுங்குகிற பொருள். இரண்டையும் என்றைக்காவது கழற்றியே ஆக வேண்டும். வெல்டு வைத்த நட்டை அன்றைக்குக் கிரைண்டரால் அறுப்பார்கள், நட்டோடு ஸ்டட்டும் போகும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு இந்த ஒரு மரைக்காக லேத் பட்டறைகளிலும் மெக்கானிக் ஷெட்டுகளிலும் நிறைய நேரம் நின்றிருக்கிறேன். போன மரையை மீட்க வழிகள் பல உண்டு. எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்பதில்தான் பட்டறைக்குப் பட்டறை பேச்சு மாறுகிறது. எனக்குத் தெளிவானது இது: போன மரையை மட்டும் பார்த்து வைத்தியத்தை முடிவு செய்யக் கூடாது. அந்த மரை எந்த உலோகத்தில் வெட்டப்பட்டிருக்கிறது, சுற்றிலும் எவ்வளவு சதை மிச்சம் இருக்கிறது, எதனால் போனது என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் கையில் கருவியை எடுக்க வேண்டும்.

இந்த மரை எல்லா வண்டியிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நம் சாலைகளில் அதிகம் ஓடும் இரட்டை ஷாக் வண்டிகளில், மேல்முனை பெரும்பாலும் சேசிஸில் பற்றவைத்த ஸ்டட்டில் மாட்டியிருக்கும். அது வெளிமரை. கீழ்முனை ஸ்விங் ஆர்மில் இன்னொரு ஸ்டட்டிலோ, மரை வெட்டிய துளைக்குள் போகும் போல்ட்டிலோ பிடித்திருக்கும். மோனோ ஷாக் வண்டிகளில் இரண்டு இரும்புக் காதுகளுக்கு நடுவே ஷாக்கின் கண் உட்கார்ந்து, குறுக்கே ஒரு போல்ட் போகும். சில வண்டிகளில் எதிர்க் காதிலேயே உள்மரை வெட்டியிருப்பார்கள். மோனோ ஷாக்கில் சக்கரம் எழும்பும் தூரத்தைவிட ஷாக் சுருங்கும் தூரம் குறைவு. இந்த நெம்புகோல் விகிதம் 2 முதல் 3 வரை இருப்பது சாதாரணம். சக்கரத்தில் 100 கிலோ விழுந்தால் ஷாக்கின் பிடியில் 200, 300 கிலோ விழும். ஆகவே இரட்டை ஷாக்கின் ஸ்டட்டுக்குப் போதுமான ஒரு வைத்தியம் மோனோ ஷாக்கின் காதுக்குப் போதாமல் போகலாம்.

நட்டின் வேலை ஷாக் விழுந்துவிடாமல் தடுப்பதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது இரண்டு முகங்களைச் சேர்த்து நெரிக்கிறது. 10 மில்லிமீட்டர் ஸ்டட்டில் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தில் நட்டை இறுக்கினால், உலர்ந்த மரையில் ஏறத்தாழ 2 டன் இழுவிசை ஸ்டட்டுக்குள் உருவாகிறது. புஷ்ஷின் நடுவே இருக்கும் இரும்புக் குழல், ஸ்டட்டின் தோளுக்கும் வாஷருக்கும் இடையில் அந்த விசையில் நசுங்கிப் பிடிக்கப்படுகிறது. அதன் உராய்வு மட்டுமே ஒவ்வொரு முகத்திலும் 300 கிலோ அளவுக்கு நகர்வைத் தடுக்கும். அப்போது குழலும் ஸ்டட்டும் ஓருடல் மாதிரி. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் ரப்பர் நெளியும், இரும்பு நகராது.

நட்டு கால் சுற்று தளர்ந்தாலே இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். குழல் ஸ்டட்டின் மேல் ஆடத் தொடங்கும், ஒவ்வொரு பள்ளமும் சுத்தியல் அடியாக இறங்கும். மரையின் முகடுகள் ஒரு பக்கம் மழுங்கி, வாஷர் அவற்றை அரைத்து, கடைசியில் யாராவது இறுக்கப் பார்க்கும் நாளில் மிச்சமும் உரிந்து வரும். உரிந்த நாளில் இறுக்கியவர் மேல் பழி விழுகிறது. மரை அதற்குப் பல மாதங்கள் முன்பே செத்திருக்கும். என் வண்டியிலும் அப்படித்தான். பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்ததை சைலன்சர் பட்டையின் சத்தம் என்று ஒரு மழைக்காலம் முழுக்க விட்டுவிட்டேன்.

நட்டுக்குள் எட்டு மரை பிடித்திருந்தாலும் எட்டும் சமமாகச் சுமப்பதில்லை. வாஷரை ஒட்டிய முதல் மரை மட்டும் சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வாங்குகிறது. முதல் மூன்று மரைகளே முக்கால்வாசியைத் தாங்கிவிடும். ஆறாவதற்குப் பிறகு வருபவை பெயருக்குத்தான். இதனால் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஸ்டட்டின் நுனி மரை கொஞ்சம் நசுங்கியிருந்தால் பெரிய கவலை இல்லை, அடி மரை போனால்தான் ஆபத்து. நீளமான நட்டு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பட்டறை நம்பிக்கை பாதிதான் சரி.

மரை கெடுவதற்கு இன்னொரு காரணம் நம் பட்டறை மொழியிலேயே ஒளிந்திருக்கிறது. நம் மெக்கானிக்குகள் போல்ட்டை அதன் மரையின் அளவால் அழைப்பதில்லை, அதைக் கழற்றும் ஸ்பேனரின் எண்ணால் அழைக்கிறார்கள். 14 நம்பர் போல்ட் என்றால், ஜப்பானிய வழக்கப்படி செய்த வண்டிகளில், 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள போல்ட். ஆனால் அந்த 10 மில்லிமீட்டரில் மரைக்கு மரை 1.25 இடைவெளி உள்ளதும் உண்டு, 1.5 உள்ளதும் உண்டு. வண்டியில் இருப்பது பெரும்பாலும் 1.25, ஹார்டுவேர் கடையில் சுலபமாகக் கிடைப்பது 1.5. "ஒரு 14 நம்பர் போல்ட் குடுங்க" என்று பையனை அனுப்பினால் இரண்டில் எதுவும் வரலாம். தவறானது ஒன்றிரண்டு சுற்று போய் நிற்கும். துரு பிடித்திருக்கிறது என்று நினைத்து ஸ்பேனரில் குழாயை மாட்டித் திருப்பினால் போல்ட் உள்ளே போகத்தான் செய்யும், துளையின் மரையைத் தின்றுகொண்டே. சில நூறு கிலோமீட்டரில் அது தளர்ந்துவிடும். மரையின் இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் பென்சில் டப்பாவுக்குள் அடங்கும் கருவி. அது இல்லாத பட்டறைகள்தான் நான் பார்த்தவற்றில் அதிகம்.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் ஆழம். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபோது, திருவொற்றியூருக்கு வண்டியின் வரைபடத்தோடு பிரிட்டிஷ் மரைகளும் வந்து சேர்ந்தன. ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த 55 டிகிரி மரைக் குடும்பம் ஒன்று. சைக்கிள் தொழிலிலிருந்து வந்த, அங்குலத்துக்கு 26 சுற்றுள்ள 60 டிகிரி மரை இன்னொன்று. இன்றைய மெட்ரிக் மரையும் 60 டிகிரிதான். 26 சுற்று மரையின் இடைவெளி 0.977 மில்லிமீட்டர், மெட்ரிக்கின் நுண்மரை 1 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு சுற்றுக்கு 0.023 மட்டுமே. அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு ஸ்டட்டின் விட்டம் 7.94. அதன் மேல் 8 மில்லிமீட்டர் நுண்மரை நட்டு கையாலேயே நாலைந்து சுற்று ஓடும். பொருந்திவிட்டது என்று தோன்றும். ஆறாவது சுற்றில் பிழை 0.14 மில்லிமீட்டராகச் சேர்ந்திருக்கும், நட்டு பிடித்துக்கொள்ளும். அங்கே ஸ்பேனரை அழுத்தினால் ஐம்பது வருடம் தாங்கிய மரை ஒரே நிமிடத்தில் போய்விடும். பழைய வண்டியில் எந்த நட்டையும் இரண்டு சுற்றுக்கு மேல் நம்பாமல், கேஜை வைத்துப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும்.

கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. அலுமினிய ஸ்விங் ஆர்முக்குள் இரும்பு போல்ட் பல வருடம் ஈரத்தோடு கிடந்தால் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு நடக்கும். வெள்ளைப் பொடியாகத் தெரிவது அரிபட்ட அலுமினியம். அந்தப் பொடி இடத்தை அடைத்து போல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பலவந்தமாகத் திருப்பினால் அலுமினிய மரை போல்ட்டோடு உரிந்து வரும். முன்பே கொஞ்சம் ஆன்டி-சீஸ் பசை தடவியிருந்தால் இது நேராது. ஆனால் மரையில் எண்ணெயோ பசையோ பட்டால் அதே முறுக்கத்துக்கு இழுவிசை ஏறிவிடும். உராய்வு குறைந்து, 2 டன் வர வேண்டிய இடத்தில் இரண்டரை டன்னுக்கு மேல் போகலாம். உலர்ந்த மரைக்குச் சொன்ன முறுக்கத்தை அப்படியே பசை மரைக்குப் போடக் கூடாது.

சரிசெய்யும் முன் பார்க்க வேண்டியது விரிசல். ஸ்டட் சேசிஸைத் தொடும் அடியில்தான் அது பிறக்கும், பெயிண்டுக்கு அடியில் மயிர்க்கோடாக இருக்கும். பெயிண்டைச் சுரண்டிவிட்டு, மூன்று டப்பாவாக விற்கும் சிவப்புச் சாய ஊடுருவியைப் பயன்படுத்தலாம். அது கிடைக்காவிட்டால் ரயில்வே பட்டறைகளில் பழகிய பழைய முறை இருக்கிறது. மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடி பூச வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் தங்கிய எண்ணெய் வெள்ளைப் பொடியில் கருங்கோடாகக் கசியும். என் ஸ்டட்டின் அடியில், கீழ்ப்பக்கம், சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு அந்தக் கோடு வந்தது. வெல்டு வைத்து ஓட்டியிருந்தால், நட்டு கழலாமலே இருக்க, ஒருநாள் ஸ்டட்டே முறிந்து போயிருக்கும்.

வழிகளில் எளியது மரையைச் சீவித் திருத்துவது. நுனி நசுங்கிய ஸ்டட்டுக்கு டை நட்டு, அழுக்கேறிய துளைக்கு டேப். டேப் வெட்டும் கருவி என்பதை மறக்கக் கூடாது. புதுத் துளைக்கான டேப்பைப் பழைய மரைக்குள் அவசரமாக விட்டால் நல்ல மரையிலும் கொஞ்சம் சுரண்டிக்கொண்டு வரும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, எண்ணெய் விட்டு, கைக்குத் தெரிகிற மாதிரி மெதுவாகப் போக வேண்டும். பாதிக்கு மேல் மரை மிச்சமிருந்தால்தான் இந்த வைத்தியம்.

வெளிமரை பெருமளவு போன ஸ்டட்டைச் சீவி ஒரு அளவு குறைப்பதும் நடக்கிறது. 10 மில்லிமீட்டரை 8 ஆக்கி அதற்கேற்ற நட்டைப் போடுவார்கள். சுமை தாங்கும் குறுக்குப் பரப்பு 58 சதுர மில்லிமீட்டரிலிருந்து 37-க்கு இறங்கிவிடும். சைடு ஸ்டாண்டுக்கோ மட்கார்டுக்கோ செய்யலாம், ஷாக்குக்கு நான் சம்மதிக்க மாட்டேன். துளையில் இதற்கு எதிரான வழி, பெரிய மரை வெட்டி 12 மில்லிமீட்டர் போல்ட் போடுவது. சுற்றிலும் சதை இருந்தால் வலுவான வழிதான். ஆனால் புஷ்ஷின் குழலையும் 12-க்குத் துளைக்க வேண்டும், குழலின் சுவர் மெலியும். பிறகு எப்போது ஷாக் மாற்றினாலும் புதிய ஷாக்கையும் துளைக்க வேண்டியிருக்கும்.

உள்மரைக்கு நான் முதலில் யோசிப்பது காயில். துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள டேப்பால் மரை வெட்டி, வைர வடிவக் குறுக்குவெட்டுள்ள ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருளை உள்ளே திருகி இறக்குவது. சுருளின் இயல்பான விட்டம் துளையைவிடக் கொஞ்சம் பெரியது. உள்ளே போனதும் விரிந்து சுவரை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். 10-க்கு 1.25 மரை என்றால் டிரில் 10.3 மில்லிமீட்டர் அளவில் வரும். காயில் பெட்டியில் எழுதியிருக்கும் அளவைத்தான் பின்பற்ற வேண்டும், கைக்குக் கிடைத்த டிரில்லை அல்ல. அலுமினியத்தில் இந்த வேலை ஒழுங்காக நடந்தால் பழைய மரையைவிட வலுவாகவே நிற்கும், ஏனென்றால் அலுமினியத்தைப் பிடிக்கும் வெளிமரையின் விட்டம் இப்போது பெரியது. அலுமினியத்தில் பிடிமான நீளம் போல்ட் விட்டத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு பங்கு வேண்டும். 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 15 முதல் 20 வரை. முன் ஃபோர்க்கைப் பிடிக்கும் சின்ன 8 மில்லிமீட்டர் போல்ட்டுகளின் துளைகளுக்கும் இதே வைத்தியம்தான், அங்கே அது அடிக்கடி தேவைப்படுகிறது.

காயிலில் வேலை கெடுவது பெரும்பாலும் துளை சாய்வதால். கை டிரில்லைப் பிடித்துக்கொண்டு கண்ணளவில் துளைத்தால் இரண்டு டிகிரி சாய்வது சர்வசாதாரணம். சாய்ந்த மரையில் ஏறிய போல்ட்டின் தலை ஒரு ஓரத்தில் மட்டும் உட்காரும், வளைவு விசை அந்த ஓரத்தில் குவியும். ஸ்விங் ஆர்மைக் கழற்றிப் பில்லர் டிரில்லுக்குக் கொண்டுபோக முடிந்தால் கொண்டுபோக வேண்டும். முடியாவிட்டால் லேத்தில் ஒரு வழிகாட்டிக் குழலைக் கடைந்து, எதிர்க் காதின் நல்ல துளைக்குள் செருகி, அதன் வழியாகத் துளைக்க வேண்டும். அரை மணி நேரம் கூடுதல் வேலை. அதைக் கேட்டு வாங்க வண்டிக்காரருக்கும் பொறுமை வேண்டும்.

அடிக்கடி கழற்றி மாட்டும் இடத்தில் கம்பிச் சுருளைவிடத் திடமான புஷ் நல்லது. உள்ளே 10, வெளியே 14 என்று மரை வெட்டிய குழல். வெளிநாட்டுக் கருவிப் பெட்டியாகவும் கிடைக்கிறது, கோவை கணபதியைச் சுற்றியுள்ள எந்த நல்ல லேத் பட்டறையிலும் கடைந்து தருவார்கள். விளிம்பு வைத்துக் கடையச் சொல்ல வேண்டும், அது உள்ளே இறங்கிப் போகாமல் தடுக்கும். சதை மெலிந்த காதுக்கு இது பொருந்தாது. அங்கே மரையையே கைவிட்டுத் துளையை நேராகத் துளைத்து, பின்னால் நட்டு போட்டு முழு போல்ட்டாக மாற்றிவிடலாம். பின்பக்கம் ஸ்பேனர் நுழைய இடம் இருந்தால் இதைவிட நேர்மையான வழி இல்லை. எபோக்சி மாவை அடைத்து அதில் டேப் அடிப்பதையும் பார்த்திருக்கிறேன். தொட்டியின் கசிவை அடைக்கும் பொருளிடம் மனித உயிரைத் தாங்கும் மரையை ஒப்படைப்பது அது.

என் வண்டிக்கு இவற்றில் எதுவும் ஆகாது. அது வெளிமரை, அடியில் விரிசலும் இருந்தது. பழைய ஸ்டட்டை முழுதாக அறுத்தெடுத்துப் புதியது வைப்பதே மிச்சமிருந்த வழி. லேத்காரர் முதலில் எடுத்தது பளபளப்பான பிரைட் பார். கடைசலுக்கு இனிமையான எஃகு அது, சீவல் பொடிப்பொடியாக உதிரும். உதிர்வதற்காகவே அதில் கந்தகம் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கந்தகமே வெல்டிங்கில் சூடு தணியும்போது விரிசல் போடும். "அது வெல்டுக்கு ஆகாதுங்களே அண்ணா" என்றதும் அவர் யோசித்து, "அப்ப இஎன்8 போட்டுக்கலாங்க. சூடு பண்ணித்தான் வெல்டு வெக்கோணும்" என்றார். இஎன்8-இல் கரிமம் 0.4 சதவீதம் அளவில் இருக்கும். குளிர்ந்த நிலையில் பற்றவைத்தால் வெல்டின் ஓரம் கண்ணாடி மாதிரி கெட்டிப்பட்டு உடையும். முன்கூட்டியே 150 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, அடுப்பில் உலர்த்திய குறை ஹைட்ரஜன் ராடால் வைக்க வேண்டும். கடையில் வாங்கிய 10.9 தர போல்ட்டை வெட்டி ஸ்டட்டாக ஒட்டவைப்பது இதனால்தான் தவறு. அதன் பலம் முழுக்கச் சூட்டுப் பதத்தில் இருக்கிறது, வெல்டின் சூடு அந்தப் பதத்தை அழித்துவிடும்.

ஸ்டட்டின் வடிவத்திலும் உயிர் இருக்கிறது. தோள் சந்திக்கும் மூலையைக் கூராக விடாமல் ஒரு மில்லிமீட்டர் வளைவு கொடுக்கச் சொன்னேன், விரிசல் பிறக்கும் இடம் அதுதான். மரை புஷ்ஷின் குழலுக்குள் நீளாமல், குழல் உட்காரும் நீளம் முழுக்க வழவழப்பான தண்டாக இருக்கும்படி கடைந்தார். சேசிஸ் குழாயின் இரு சுவர்களையும் ஊடுருவி, இரு பக்கமும் வெல்டு வைக்கும்படி நீளம் விட்டார். மெல்லிய குழாயின் ஒரு சுவரில் மட்டும் ஒட்டியது நெடுநாள் நிற்காது.

வெல்டுக்கு முன் பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றினோம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளாக இருந்தால் ஈசியூவின் இணைப்பையும் பிடுங்கிவிட வேண்டும். எர்த் கிளிப்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும், தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாக ஓடி அதன் குண்டுகளைப் பொத்தும். இரண்டு பக்க ஸ்டட்டுகளின் மேலும் ஒரு நேர்க்கம்பியைக் கிடத்தி, உயரமும் நேரும் பார்த்து, முதலில் நாலு புள்ளி மட்டும் வைத்தார் வெல்டர். ஆறவிட்டு மறுபடி கம்பி வைத்தபோது ஒன்றரை மில்லிமீட்டர் இழுத்திருந்தது. ஒரு புள்ளியைக் கிரைண்டரால் உடைத்து, தட்டி நேராக்கி, அதன் பிறகே முழு வெல்டு. ஈரத்துணி போட்டுக் குளிரவைக்க வந்த பையனை அவர் கை காட்டித் தடுத்தார். தானாகத்தான் ஆற வேண்டும்.

இரும்புச் சேசிஸில் இப்படி முடிகிறது, அலுமினியத்தில் முடியாது. 6061 போன்ற கலவைகள் டி6 பதத்தில்தான் பலமானவை. வெல்டின் சூடு பட்ட ஓரம் பாதி அளவுக்குப் பலம் இழந்துவிடும். அதை மீட்க முழு ஸ்விங் ஆர்மையும் 530 டிகிரிக்குச் சூடாக்கி, நீரில் அமிழ்த்தி, மறுபடி 160, 170 டிகிரியில் பல மணி நேரம் வைக்க வேண்டும். அதற்கான உலை தெருப் பட்டறையில் கிடையாது, சூட்டில் ஸ்விங் ஆர்ம் நெளியவும் செய்யும். மோனோ ஷாக்கின் அலுமினியக் காதில் விரிசல் கண்டால் வேறு ஸ்விங் ஆர்ம் வாங்குவதே சரி. பழைய சாமான் கடையிலிருந்து வாங்கினாலும், சாக்பீஸ் பொடியைப் பூசிப் பார்த்த பிறகு மாட்ட வேண்டும்.

புதிய ஸ்டட்டில் நட்டை டார்க் ரெஞ்சால், கையேட்டில் சொன்ன முறுக்கத்துக்கு இறுக்கினோம். நடுத்தர வலுவுள்ள நீல லாக்டைட் இரண்டு சொட்டு. சிவப்பைத் தவிர்த்தேன், கழற்றும்போது 250 டிகிரி சூடு கேட்கும் பசை அது. நட்டிலிருந்து ஸ்டட் வரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தார் லேத்காரர். "நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்றார். இருவர் அமர்ந்து பாலக்காடு வரை போய்த் திரும்பினேன். கோடு உடையாமல் நேராகவே இருந்தது. ஆனாலும் அவர் ரெஞ்சை மாட்டி ஒருமுறை இழுத்துப் பார்த்தார், சாக்பீஸ் பொடியை எடுத்து வெல்டைச் சுற்றிப் பூசினார். வெள்ளையாகவே இருந்தது.